செப்பனிடுதல்

பல்கலைக்கழக ஆண்டு மலரொன்றில் இலக்கியம் பற்றியோ வரலாறு பற்றியோ எழுதுவதே கலைப்பீட மாணவனொருவனுக்கு இயல்பானது. வார்ப்பிரும்பில் அமைந்த மூன்று துளைகளைப் பற்றி நான் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆயினும், மனிதர் தம் கையாற் செய்யும் வேலையும் அவ்வேலையினூடாக அவர்கள் எய்தும் தெளிவும் எமது அக்கறைக்குப் புறம்பானவை அல்ல என்பது என் எண்ணம். எஞ்சினொன்றைப் புதுப்பிக்கையில் அதன் பிரதான போதிகைத் துளைகளை மீளக் கடைந்து நேராக்குதல் பட்டறை வேலைகளுள் மிகவும் மறைவானது. வேலை முடிந்து எஞ்சின் மூடப்பட்டதும் அதனை எவரும் காணார். அது சரிவர நடந்ததா என்பதற்கு எஞ்சினின் ஆயுள் ஒன்றே சாட்சி. அவ்வேலையை 2021 ஆம் ஆண்டில் சில வாரங்கள் அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கு வெட்டப்பட்டது எங்கள் வீட்டுக்குச் சோறு போட்ட எஞ்சின். ஆகையால் வெறும் பார்வையாளனாக நான் அங்கு இருக்கவில்லை.

முதலிற் பொருளை விளக்கிவிடுதல் நன்று. மோட்டார் வண்டியின் எஞ்சினைக் கழற்றி, மேலுள்ள பாகங்களையும் கீழுள்ள எண்ணெய்த் தொட்டியையும் அகற்றி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் எஞ்சுவது கனத்த வார்ப்பிரும்புப் பிண்டமொன்று. பட்டறையில் இதனைப் ‘புளொக்’ என்பர். அதன் ஒரு புறத்தில் உருளைகள் உள்ளன. மறுபுறத்தில், கிராங்க் தண்டு கிடந்து சுழல்வதற்கான அரைவட்ட இருக்கைகள் உள்ளன. ஒவ்வோர் இருக்கையின் மீதும் அதே அளவான அரைவட்டத்தைக் கொண்ட இரும்பு மூடியொன்று இரு போல்ற்றுகளால் இறுக்கப்படும். இருக்கையும் மூடியும் சேர்ந்தாலே துளை முழுவட்டமாகும். அத்துளையினுள் போதிகை அமரும். போதிகையினுள் தண்டு சுழலும்.

பட்டறையில் பெயாரிங் என வழங்குவதையே எமது பாடநூல்கள் போதிகை என்கின்றன. பிஸ்டனை முசலம் என்கின்றன. இச்சொற்களைத் தேர்ந்தவர்களின் தமிழறிவு வியக்கத்தக்கது. கோயில் மண்டபத்தில் தூணின் தலையில் நின்று உத்தரத்தின் பாரத்தை ஏற்கும் உறுப்பே போதிகை. முசலமோ உலக்கை. உரலுள் உலக்கை ஏறி இறங்குவதுபோல உருளையுள் பிஸ்டன் ஏறி இறங்குகின்றது. மண்டபமும் உரலும் அறிந்தவனுக்கு எஞ்சினில் பாதி ஏற்கெனவே விளங்கிவிடுகின்றது. ஆயினும் இச்சொற்கள் பட்டறைக்குள் வருவதில்லை. பட்டறையின் சொற்கள் பாடநூலுக்குள் போவதில்லை. இதனைப் பின்னர் நோக்குவோம்.

அக்காலத்தில் வெள்ளீயமும் அந்திமனியும் செம்பும் கலந்த மென்மையான உலோகத்தை உருக்கி, இருக்கைகளில் நேரடியாக வார்த்து, தண்டின் அளவுக்குச் சுரண்டிப் போதிகை அமைத்தனர். அமெரிக்கரான ஐசாக் பாபிற் 1839 இல் கண்ட கலவை அது. பின்னர், உருக்குத் தகட்டின் உட்புறத்தில் மெல்லிய உலோகப் படலம் படிந்த அரைவட்டச் சோடிகள் வந்தன. இவற்றைப் பட்டறையில் ‘செல்’ என்பர். யாழ்ப்பாணத்தில் அச்சொல்லைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வரும் பொருள் வேறு. அழிப்பதைக் குறிக்கும் சொல்லே தாங்குவதையும் குறிப்பதை நான் கேட்டது அந்தப் பட்டறையில் மட்டுமே.

இந்தச் செல்லுக்கெனச் சொந்த வடிவம் இல்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. அது மிக மெல்லியது. அரைவட்டத்திலும் ஒரு மயிரிழை நீளமானது. மூடியை இறுக்கும்போது செல்லின் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று நெருக்க, அது துளையின் சுவரோடு அழுந்தி, துளையின் வடிவத்தைத் தன் வடிவமாகக் கொள்கின்றது. துளை வட்டமாயின் செல்லும் வட்டம். துளை கோணினால் செல்லும் கோணும். புதிய செல்லை வாங்கிப் போட்டுவிட்டால் எஞ்சின் சரியாகிவிடும் என நம்புவோர் இதனை அறியாதவர்கள்.

தண்டுக்கும் செல்லுக்கும் இடையே விடப்படும் இடைவெளி மிகச் சிறியது. அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கைப் பட்டறையில் ஒரு ‘தௌ’ என்பர். தலைமயிரொன்றின் தடிப்பே இரண்டு மூன்று தௌ வரும். தண்டின் விட்டம் ஓரங்குலத்துக்கு ஒரு தௌ இடைவெளி என்பது பழைய பட்டறைகளின் கைக்கணக்கு. அவ்விடைவெளியை எண்ணெய் நிரப்புகின்றது. ஓடும் எஞ்சினில் தண்டு இரும்பைத் தொடுவதில்லை. எண்ணெய்ப் படலத்தின் மீதே மிதந்து சுழல்கின்றது. அப்படலம் கிழிந்தால் மென்மையான உலோகம் உருகும். செல் தண்டோடு ஒட்டித் துளைக்குள்ளேயே சுழன்று சுவரைக் கீறிவிடும்.

இனி நேர்கோட்டுக்கு வருவோம். ஒவ்வொரு துளையும் குற்றமற்ற வட்டமாக இருந்தும் மூன்றும் ஒரே கோட்டில் இல்லாது போகலாம். அப்போது தண்டு ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர வேண்டியதாகின்றது. நிமிடத்துக்கு மூவாயிரம் தடவை வளைந்து நிமிரும் உருக்கு எத்துணை வலியதாயினும் ஒருநாள் களைத்து முறியும். வட்டம் ஒரு துளையின் தனிச்சொத்து எனலாம். நேர்கோடோ எல்லாத் துளைகளுக்கும் பொதுச்சொத்து. இதனாலேயே தொழிற்சாலையில் மூடிகளை இருக்கைகளோடு இறுக்கிவைத்து, ஒரே தண்டினால், ஒரே ஓட்டத்தில் எல்லாத் துளைகளையும் கடைகின்றனர். அதன் பின்னர் ஒரு மூடி தன் இருக்கைக்கே உரியது. வேறொரு புளொக்கின் மூடி கண்ணுக்கு அதுபோலவே தோன்றினாலும் அவ்விடத்துக்கு உதவாது. தன்னுடைய மூடியையே முன்பின்னாகத் திருப்பிப் போட்டாலும் உதவாது.

இவ்வேலையின் தத்துவம் பழையது. நீராவி எஞ்சினை மேம்படுத்திய ஜேம்ஸ் வாற்றின் பெருந்துன்பம், முசலம் இறுக்கமாகப் பொருந்தும் உருளையைக் கடைவிக்க இயலாமையே. அந்நாளைய கடைசல் இயந்திரத்தில் வெட்டும் அலகு ஒருமுனையில் மட்டும் தாங்கப்பட்ட கம்பின் நுனியில் இருந்தது. வார்ப்பில் எப்பக்கம் கோணல் உண்டோ அப்பக்கமே கம்பும் வளைந்து சென்றது. கோணற் துளை அளவிற் பெருக்குமேயன்றி நேராகாது. இரும்பு வார்ப்பாளரான ஜோன் வில்கின்சன் 1774 இல் பீரங்கி கடைவதற்குக் காப்புரிமை பெற்றவர். அதனையடுத்து, உருளையை ஊடுருவி மறுபுறம் சென்று இரு முனைகளிலும் தாங்கப்படும் தண்டை அமைத்தார். ஐம்பது அங்குல விட்டமுள்ள உருளையொன்றில் பிழை எவ்விடத்திலும் பழைய ஷிலிங் நாணயமொன்றின் தடிப்பைத் தாண்டவில்லை என வாற்றின் பங்காளியான மத்தேயு போல்ற்றன் 1776 இல் மகிழ்ந்து எழுதினார். அன்று போற்றப்பட்ட அப்பிழை இன்றைய எஞ்சினைக் கொன்றுவிடும். ஆனால் முறை மாறவில்லை. இரு முனைகளிலும் தாங்கப்பட்ட தண்டு பழைய துளையின் பேச்சைக் கேட்பதில்லை. தன்னைத் தாங்குபவற்றின் பேச்சையே கேட்கின்றது.

எங்கள் வண்டி ஒரு மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்த இனம் அது. 1962 முதல் அவ்வினத்துக்குப் பூட்டப்பட்ட 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் எங்களுடையதில் இருந்தது. நான்கு உருளைகளுக்கு மூன்றே பிரதான போதிகைகள் கொண்டது அது. இரண்டாம் மூன்றாம் முசலங்கள் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குவதால், அவற்றுக்கு இடையே உள்ள நடுப்போதிகையே அதிக பாரத்தைச் சுமக்கின்றது. அப்பப்பா வாங்கிய அந்த வண்டியை அப்பா சந்தியில் வாடகைக்கு ஓட்டினார். என் பல்கலைக்கழகச் செலவும் தங்கையின் ரியூசன் காசும் அதிலிருந்தே வந்தன.

யாழ்ப்பாணத்தில் இத்தகைய பழைய வண்டிகள் நீண்டகாலம் உயிர்தப்பியமைக்குப் பாசம் மட்டும் காரணமன்று. 1990 இல் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்குள் வருவது அரிதாயிற்று. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சியது உருளைச் சுவரால் வழிந்து கீழ்த்தொட்டியின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெயின் படலம் பாரத்தைத் தாங்காது. எந்த எரிபொருள் அந்த வண்டிகளை ஓட்டியதோ அதுவே அவற்றின் போதிகைகளை மெல்ல மெல்லத் தின்றது.

எங்கள் வண்டியின் நடுப்போதிகை அந்நாளிலேயே தட்டத் தொடங்கியிருக்கின்றது. செல் கிடையாது. அப்பப்பா யாரோ ஒரு தொழிலாளியைப் பிடித்து மூடியை அராவச் செய்திருக்கிறார். மூடியின் இரு பாதங்களையும் அரத்தால் ராவினால் மூடி இருக்கையை மேலும் நெருங்கும். தேய்ந்த செல் தண்டை மீண்டும் நெருங்கும். தட்டுகின்ற ஓசை நிற்கும். வட்டமோ நீள்வட்டமாகிவிடும். நூல்முறைப்படி இது பெருங்குற்றம். அந்தக் குற்றத்தோடுதான் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வண்டி தென்மராட்சிக்குப் போயிற்று. அப்பப்பா, அப்பம்மா, அயலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி, கூரையில் ஒரு தையல் இயந்திரம். அதன் பின்னர் நிலைமை மாறிப் பெற்றோல் வந்தது, செல்லும் வந்தது. எவரும் மூடியை நினைக்கவில்லை. புதிய செல்கள் அந்தக் கோணற் துளைக்குள்ளேயே அடுத்தடுத்துப் போடப்பட்டன. ஒவ்வொன்றும் முந்தியதிலும் விரைவாகத் தேய்ந்தது.

2021 இல் நடுச்செல் உருகித் துளைக்குள் சுழன்றுவிட்டது. கொரோனாவால் விரிவுரைகள் கைத்தொலைபேசிக்குள் வந்திருந்த காலம். வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்து நிறுத்தப்பட்டிருந்தது. நாட்டில் இருந்த வண்டிகளின் விலை எங்களால் எட்டமுடியாத உயரத்துக்குப் போயிருந்தது. இன்னொரு புளொக் தேடினோம். கிடைத்தவை இரண்டும் வெடித்தவை. அம்மாவின் தமையனார் சிறிய லேத்துப் பட்டறையொன்று நடத்துகின்றார். புளொக் அவரிடம் போயிற்று. நாலு நாள் அளந்த பின்னர் அவர் அப்பாவிடம் சொன்னார்:

“மச்சான், இரும்புக்காரனுக்குக் குடுக்கிறதெண்டால் இண்டைக்கே குடுக்கலாம். வெட்டுறதெண்டால் ஒருக்கால்தான் வெட்டலாம். யோசிச்சுச் சொல்லும்.”

அப்பா அன்றிரவு உறங்கவில்லை. மறுநாட் காலையில் வெட்டச் சொன்னார்.

மாமாவின் வேலையில் வெட்டிய நேரத்திலும் அளந்த நேரமே பன்மடங்கு. புளொக்கை மண்ணெண்ணெயால் கழுவி, மூடிகளின் பாதங்களிலும் இருக்கைகளின் மேலும் ஒரு தூசுகூட இல்லாது துடைத்தார். பின்னர் செல் இல்லாமலே மூடிகளைப் பூட்டி, இறுக்கத்தின் அளவைக் காட்டும் சாவியினால் எல்லாப் போல்ற்றுகளையும் எஞ்சினுக்கு விதித்த அளவுக்கு இறுக்கினார். தளர்ந்த நிலையில் அளப்பது பயனற்றது; இறுக்கும்போது இரும்பும் சிறிது வடிவம் மாறும். வேலைசெய்யும் நிலையில் எவ்வாறு இருக்குமோ அவ்வாறு வைத்தே ஒரு பொருளை அளக்க வேண்டும் என்பது அங்கு கற்ற முதற்பாடம். டயல் கேஜால் ஒவ்வொரு துளையையும் மேல்கீழாகவும் இரு சாய்வுகளாகவும் அளந்தார். முன்துளையும் பின்துளையும் எத்திசையிலும் அரைத் தௌவுக்குள் நின்றன. நடுத்துளை மேல்கீழாக நான்கு தௌ ஒடுங்கி, ஒரு பக்கம் சாய்ந்தும் இருந்தது. மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து என்னை அழைத்தார்.

“இஞ்ச பார் தம்பி, இது அரத்தின்ரை அடி. இந்தப் பக்கம் கூட, அந்தப் பக்கம் குறைய. இதைச் செய்தவன் வேலை தெரியாதவன் இல்லை. செல் இல்லாத காலத்திலை வேறை என்ன செய்யிறது? அண்டைக்கு இது சரி. அதை அப்பிடியே விட்டதுதான் பிழை.”

அந்த அரத்தடிகள் சாய்வாக, நெருக்கமாக, ஒரே சீராக இருந்தன. பொருளாதாரத் தடைக்காலம் பற்றி நான் வாசித்த பக்கங்கள் பல. ஆனால் ஒரு மூடியின் பாதத்தில் இருந்த அந்தக் கோடுகளைப்போல வேறெதுவும் அக்காலத்தை எனக்குக் காட்டவில்லை. அவை நெருக்கடியின் கையெழுத்து.

துளைகளை மீளச் சரிசெய்ய இரு வழிகள் உண்டு. ஒன்று, கற்கள் பதித்த நீண்ட தண்டினால் எல்லாத் துளைகளையும் ஒருங்கே தேய்த்தல். இதனை ஹோனிங் என்பர். மற்றையது, வில்கின்சன் வழிவந்த போறிங் பாரினால் கடைதல். இது லைன் போறிங். ஹோன் கற்கள் இருக்கின்ற துளைகளையே வழிகாட்டியாகக் கொள்பவை. துளைகள் பெரும்பாலும் சரியாயிருந்து சிறு பிசகு மட்டும் உள்ளபோது அவை நன்கு உதவும். கோணல் பெரிதாயின் கற்களும் கோணலுக்குச் சிறிது இணங்கிவிடும். பாரோ இணங்காது. நாம் எங்கே தாங்குகின்றோமோ அக்கோட்டிலேயே அது நிற்கும். ஆகையால் எதனை ஆதாரமாகக் கொள்வது என்பதே தீர்மானிக்கப்பட வேண்டியது. மூன்று துளைகளில் இரண்டு நல்லவை. இரு புள்ளிகள் ஒரு கோட்டைத் தீர்மானிக்கும். முன்பின் துளைகளுள் ஒன்று கெட்டிருந்தால் கோட்டைத் தேட வேறு ஆதாரம் வேண்டியிருக்கும். எங்கள் அதிர்ஷ்டம், கெட்டது நடுத்துளை.

முதலில் மூடியின் பாதங்கள் இரண்டும் சமதளமாகும்வரை அரைக்கப்பட்டன. அதற்கு மேலும் மூன்று தௌ போயிற்று. ஒடுங்கிய துளையை விரிப்பதற்காக அதனை முதலில் மேலும் ஒடுக்குவது எனக்குப் புதிராக இருந்தது. காரணம் எளியது. வட்டத்தை மீளக் கடைவதற்கு உலோகம் வேண்டும். அந்த உலோகத்தை மூடியைத் தாழ்த்தியே பெறலாம். அதாவது, வெட்டு முழுவதும் மூடியின் பக்கத்தில் விழ வேண்டும். புளொக்கின் இருக்கையை அலகு தொட்டும் தொடாமலும் செல்ல வேண்டும். இருக்கைப் பக்கத்தில் ஆழமாக வெட்டினால் தண்டின் மையம் உருளைகளின் பக்கமாக உயரும். உயர்ந்தால் கிராங்குக்கும் கேம் தண்டுக்கும் இடையிலான தூரம் குறைந்து சங்கிலி தளரும். முசலங்கள் தம் எல்லையைத் தாண்டி மேலேறும். பின்முனையில் கியர்பெட்டியின் தண்டு நேராக வந்து சேராது. மாற்று மூடியொன்றைத் தேடிப் பொருத்திக் கடையலாம். புளொக் போனால் எஞ்சினே போயிற்று.

இங்கேதான் தீர்மானம் கடினமாயிற்று. செல் சுழன்றபோது நடு இருக்கையில் ஆழமான கீறல்கள் விழுந்திருந்தன. சரியான கோட்டில், சரியான அளவில் கடைந்தால் கீறல்களில் ஒரு பகுதி வட்டத்துக்கு வெளியே எஞ்சிநிற்கும். அவற்றையும் அழிக்க வேண்டுமாயின் மூன்று துளைகளின் கோட்டையும் இரண்டு தௌ உயர்த்த வேண்டும். நல்ல துளைகள் இரண்டின் மூடிகளையும் தாழ்த்தி அவற்றையும் வெட்ட வேண்டும். அப்படிச் செய்தால் மூன்று துளைகளும் கண்ணாடிபோலப் பளிச்சிடும். வாடிக்கையாளர் மகிழ்வர். மாமா இருக்கையின் மேல் விரலை ஓட்டிப் பார்த்து நெடுநேரம் இருந்தார். பின்னர் சொன்னார்:

“தழும்பு கிடக்கட்டும். இதை அழகாக்கிறதுக்கு நல்ல ரெண்டையும் வெட்டுறதோ? செல்லின்ரை முதுகு முக்கால்வாசிக்கு மேலை சுவரிலை படியும், அது காணும். கோடு பிசகக் கூடாது, அவ்வளவுதான்.”

பாரை முன்பின் துளைகளில் இறுகிய புதர்களால் தாங்கி, அதன்மேல் டயல் கேஜைப் பொருத்தி ஒவ்வொரு முனையிலும் ஒரு சுற்றுச் சுற்றினார்; முள் அசையாது நிற்கும்வரை திருத்தினார். அலகைப் பாரிலிருந்து வெளியே தள்ளி மைக்றோமீற்றரால் அளந்தார். அலகு ஒரு தௌ வெளியே வந்தால் துளையின் விட்டம் இரண்டு தௌ பெருகும். எண்ணாமற் தள்ளுபவனுக்கு மீட்சி இல்லை. மோட்டாரைப் போட்டதும் அலகு மூடிப்பக்கத்தில் மட்டும் தொட்டுத் தொட்டு வெட்டியது. சுற்றுக்கு ஒரு தடவை உரசும் அந்த ஓசை, வெட்டு முன்னேற முன்னேற நீண்டு, கடைசி ஓட்டத்தில் இடையறாத மெல்லிய இரைச்சலாயிற்று. ஓசை இடைவிடாதானதும் துளை வட்டமாகிவிட்டது என்று அறியலாம். வார்ப்பிரும்பு சுருள் சுருளாக வருவதில்லை; கருஞ்சாம்பற் தூளாகவே உதிரும். அன்று உதிர்ந்த தூள் ஒரு தேக்கரண்டி அளவும் இராது. தடைக்காலம் புகுத்திய கோணல் முழுவதும் அந்தத் தூளில் இருந்தது.

தண்டு இருபது தௌ குறைத்து அரைக்கப்பட்டு, அதற்குரிய தடித்த செல்களோடு வந்து சேர்ந்தது. எண்ணெய் பூசி இருக்கையில் கிடத்தினார். நடுமூடியை இறுக்கி விரலால் தண்டைச் சுழற்றினார், சுழன்றது. முன்மூடியை இறுக்கிச் சுழற்றினார், சுழன்றது. பின்மூடியையும் இறுக்கினார். எந்த மூடியை இறுக்கும்போது தண்டு பிடிக்கின்றதோ அங்கேயே கோணல் என்பது சோதனை. மூன்றும் இறுகிய பின்னரும் அந்தக் கனத்த தண்டு என் இரு விரல்களுக்கு இணங்கிச் சுழன்று, விட்டபின்னும் சற்றே தானாக நகர்ந்து நின்றது. அப்பா ஒன்றும் பேசவில்லை. வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

பழுதுபார்த்தலுக்குத் தமிழில் செப்பனிடுதல் என்றொரு சொல் உண்டு. அன்றாடம் வழங்கும் சொல்லாதலால் நாம் அதனைச் சிந்திப்பதில்லை. செப்பம் என்பதற்கு நேர், நடுவுநிலை, செவ்விய வழி என்பனவே பழம்பொருள்கள். அதாவது, பழுதை நீக்குதல் என்பது நேராக்குதல் என்று நம் மொழி கருதியிருக்கின்றது. நேரிலிருந்தே நேர்மை பிறந்தது. வளைதலைக் குறிக்கும் கோடுதலிலிருந்து கோட்டமும் கொடுமையும் பிறந்தன. நல்லாட்சியைச் செங்கோல் என்றும் தீயாட்சியைக் கொடுங்கோல் என்றும் முன்னோர் சொன்னபோது, ஆட்சியை அவர்கள் ஒரு கோலின் நேர்மையைக் கொண்டே அளந்தனர். இவை யாவும் எனக்குப் பாடமாகத் தெரிந்திருந்தன. கோணல் நான்கு தௌவாகச் சுருங்கி, ஒரு குடும்பத்தின் சோறாக விரிந்து நின்றபோதே இச்சொற்களின் பாரம் எனக்குத் தெரிந்தது.

இங்கு இன்னொன்றும் சொல்லப்பட வேண்டும். நேர்மையைப் பற்றிப் பேசுகையில் நாம் பெரும்பாலும் தனிமனிதனின் குற்றமின்மையையே கருதுகின்றோம். நடுத்துளையின் தழும்பு எனக்கு உணர்த்தியது வேறு. துளையொன்று தன்னளவிற் குற்றமற்று விளங்குவது முதன்மையானதன்று. ஏனைய இரண்டோடும் ஒரே கோட்டில் நின்று பாரத்தைப் பகிர்வதே முதன்மையானது. தன் தழும்பை அழிப்பதற்காகப் பிறவற்றை வெட்டச் சொல்லும் செம்மை, செம்மையன்று. போர் முடிந்த பின்னர் எங்கள் ஊர்களில் எத்தனையோ செப்பனிடப்பட்டுள்ளன. அவற்றுள் சில பளபளப்பாக உள்ளன. எவற்றில் கோடு நேராயிற்று, எவற்றில் தழும்பு மட்டும் அழிக்கப்பட்டது என்று கேட்கும் பழக்கத்தை நான் அந்தப் பட்டறையிலிருந்தே பெற்றேன்.

கைவினைஞரின் வாழ்வையும் வேலைமுறையையும் அறிவாக மதித்துப் பதிவுசெய்த முன்னோடி, இந்நாட்டிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது நூல் 1908 இல் வெளிவந்தது. இயந்திரம் வந்தால் கையின் அறிவு அழியும் என்ற கவலை அவருக்கு இருந்தது. அக்கவலை நியாயமானதே. ஆயினும் பழைய இயந்திரத்தைப் பேணும் ஏழைநாட்டுப் பட்டறையில் இயந்திரமே கையின் அறிவை வேண்டி நிற்கின்றது. தொழிற்சாலைக்குப் புதிய புளொக்கை வார்ப்பது எளிது. இருக்கின்ற புளொக்கின் எந்தப் பகுதியை நம்பலாம், எதனை விட்டுக்கொடுக்கலாம் எனத் தீர்மானிப்பது அதற்குத் தேவையற்றது. அத்தீர்மானமே பட்டறையின் அறிவு. அது மாமாவின் விரல்நுனியிலும், அவர் பயன்படுத்தும் இருபது முப்பது ஆங்கிலத் திரிசொற்களிலும் வாழ்கின்றது. போதிகையும் முசலமும் பாடநூலில் காத்திருக்கின்றன. பெயாரிங்கும் செல்லும் பட்டறையில் உழைக்கின்றன. இவ்விரண்டையும் சந்திக்கவைப்பது பொறியியற்பீடத்தின் வேலை மட்டுமன்று. சொல்லும் வழக்கும் கற்கும் எம்போன்றோரின் வேலையுமாகும். மாமாவிடம் இன்று பழகுகின்ற பொடியன் ஒருவனே. அவனும் வெளிநாடு போக ஆயத்தமாகின்றான்.

வண்டி மீண்டும் சந்திக்குப் போயிற்று. 2022 இல் எரிபொருள் வரிசைகளில் அது நாட்கணக்காய் நின்றது. எஞ்சின் நன்றாயிருந்தும் ஊற்றுவதற்குப் பெற்றோல் இருக்கவில்லை, இம்முறை மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. எல்லாக் கோணல்களையும் ஒரு பட்டறையில் நேராக்கிவிட இயலாது என்பதை அது நினைவூட்டியது.

எஞ்சினை மூடுவதற்கு முன்னர் மாமா செய்த கடைசி வேலையொன்று உண்டு. சிறிய எண் அச்சுகளை எடுத்து, நடுமூடியின் பக்கவாட்டில் எத்தனை தௌ எடுக்கப்பட்டது என்பதையும் ஆண்டையும் சுத்தியலால் பதித்தார். எண்ணெய்க்குள் கிடக்கப்போகும் அந்த எண்களை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன்.

“நாளைக்கு இதைத் திறக்கிறவன் நான் என்ன செய்தனான் எண்டு அறிய வேண்டாமோ? இன்னும் எவ்வளவு மிச்சம் கிடக்கெண்டு அவனுக்குத் தெரிய வேணும்.”

அராவியவன் எதனையும் எழுதிவைக்கவில்லை. ஆகையால் ஒரு தலைமுறை அவனது நெருக்கடியை அறியாமலே அதன்மேல் ஓடியது. செப்பனிடும் ஒவ்வொரு முறையும் பொருளில் சிறிதளவு குறைந்தே தீரும். எடுத்ததற்கு உண்மையான கணக்கை எழுதிவைத்து, எடுப்பதற்குச் சிறிது மிச்சமும் வைத்துச் செல்பவனே தனக்குப் பின்வருபவனை மதிப்பவன்.